ஆர்வி, டிராவல் டிரெய்லர்களில் பேட்டரி டிஸ்கனெக்ட் ஸ்விட்ச்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

உள்ளேயே தங்கிப் பயணிக்கும் ஆர்வி வாகனங்களிலும், வேறு வாகனம் இழுத்துச் செல்லும் டிராவல் டிரெய்லர்களிலும், பேட்டரியை வண்டியிலிருந்து துண்டிக்கும் டிஸ்கனெக்ட் ஸ்விட்சைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவை அந்த ஸ்விட்சின் பழுதே அல்ல. துருப்பிடித்த இணைப்பு, எரிந்த ஃபியூஸ், ஸ்விட்சைத் தொடாமல் பேட்டரிக்கே நேராகப் போகும் ஒயர் ஆகிய மூன்றில் ஒன்றுதான் வழக்கமாகக் காரணமாக இருக்கும். ஆனால் பலரும் முதல் வேலையாக ஸ்விட்சை மாற்றுகிறார்கள்; அதே கோளாறு திரும்பி வந்ததும் பேட்டரியையும் மாற்றுகிறார்கள். மீட்டரை வைத்துச் சில நிமிடங்கள் அளந்து பார்த்திருந்தால் இரண்டு செலவும் மிச்சமாகியிருக்கும்.

உங்கள் வண்டியில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாமல் சரிசெய்யக்கூடிய காரணங்கள் முதலிலும், செலவு பிடிக்கும் காரணங்கள் பிறகும் வருகின்றன. இங்கே பேசப்படுவது 12 வோல்ட் பகுதி மட்டுமே. வட அமெரிக்க வண்டிகளின் 120 வோல்ட் பகுதியில் இந்த வேலைகளுக்காகக் கைவைக்க வேண்டிய தேவை எங்கும் இல்லை.

## தொடங்கும் முன்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஸ்பேனர்கள், கம்பித் தூரிகை, டார்ச் ஆகியவை போதும். மோதிரத்தையும் உலோகக் கைக்கடிகாரத்தையும் கழற்றி வையுங்கள். பேட்டரி முனைக்கும் வண்டியின் உலோகச் சட்டத்துக்கும் இடையே மாட்டிக்கொள்ளும் மோதிரம் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். நீர் ஊற்றும் வகை பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால், பேட்டரிப் பெட்டியைத் திறந்து சற்றுக் காற்றோட விட்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள். கேபிளைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும்.

அடுத்து, உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை ஸ்விட்ச் என்று பாருங்கள். கையால் திருப்பும் சிவப்புக் குமிழோ சாவியோ இருந்தால் அது கைமுறை ஸ்விட்ச். பேட்டரி மின்னோட்டம் முழுவதும் அதன் வழியாகவே போகும். பேட்டரி முனையின் மீதே நேராக உட்காரும் கத்தி வகையும் இதில் சேர்ந்தது. வாசற்படிக்குப் பக்கத்தில் ‘யூஸ்’ (இணைக்க), ‘ஸ்டோர்’ (துண்டிக்க) என்று குறிக்கப்பட்ட சிறிய பட்டன் இருந்தால், அந்தப் பட்டன் கட்டளை தருவதோடு சரி. மின்னோட்டத்தை உண்மையில் துண்டிப்பது பேட்டரிக்கு அருகிலோ கீழ் அறையிலோ இருக்கும் லேச்சிங் ரிலே. அதற்கு ஒரு கணத் துடிப்பு கிடைத்தால் போதும், அடுத்த துடிப்பு வரும்வரை அதே நிலையில் நிற்கும். இந்த வேறுபாடு தெரியாமல் பட்டனை மாற்றிவிட்டு, ரிலேயை ஒருமுறை கூடப் பார்க்காமல் விட்டவர்கள் உண்டு.

கீழே வரும் எல்லா அறிகுறிகளுக்கும் பொதுவான ஒரு சோதனை உண்டு. ஸ்விட்சுக்கோ ரிலேக்கோ தடித்த கேபிள்கள் வந்து சேரும் இரண்டு போல்ட் முனைகள் இருக்கும். மீட்டரை நேர் மின்னழுத்த (டிசி வோல்ட்) அளவில் வைத்து, அதன் கறுப்பு ஒயரைப் பேட்டரியின் எதிர்முனையில் பிடித்துக்கொண்டு, சிவப்பு ஒயரால் முதலில் பேட்டரி பக்கத்து முனையையும் பிறகு வண்டி பக்கத்து முனையையும் தொட்டு அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் மீட்டரின் இரண்டு ஒயர்களையும் அந்த இரண்டு முனைகளின் மீதே வைத்து அளந்து பாருங்கள். உள்ளே ஓரிரு விளக்குகள் போடப்பட்டிருக்கும்போது, ஸ்விட்ச் இணைந்திருந்தால் இந்தக் கடைசி அளவு கிட்டத்தட்ட பூஜ்யமாகவும், துண்டித்திருந்தால் 12 வோல்ட்டை ஒட்டியும் வரவேண்டும். இதை இனி ‘இரு முனைச் சோதனை’ என்றே குறிப்பிடுகிறேன். ஸ்விட்ச் எதிர்முனைக் கேபிளில் பொருத்தப்பட்டிருந்தால் முதல் இரண்டு அளவுகளை நேர்முனையிலிருந்து எடுக்க வேண்டும். மூன்றாவது அளவு எப்படியிருந்தாலும் ஒன்றுதான்.

## அறிகுறி 1: ஸ்விட்சை அணைத்து வைத்தும் பேட்டரி காலியாகிவிடுகிறது

அதிகமாக வரும் புகார் இதுதான். ஒன்டாரியோ, மிச்சிகன், மினசோட்டா போன்ற குளிர்ப் பகுதிகளில் இலையுதிர் காலத்தில் டிரெய்லரை ஓரங்கட்டிவிட்டு, ஸ்விட்சை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் வசந்த காலம்வரை அதை எட்டிப் பார்ப்பதில்லை. வந்து பார்க்கும்போது பேட்டரியில் 10 வோல்ட் கூட இருக்காது.

### ஸ்விட்ச் உண்மையிலேயே அணைந்திருக்கிறதா?

வெளி மின் இணைப்பைப் பிடுங்கி, சோலார் தகட்டை மூடி, இரு முனைச் சோதனையைச் செய்யுங்கள். இரண்டு முனைகளுக்கும் இடையே பூஜ்யம் காட்டி, வண்டிக்குள் விளக்கும் எரிந்தால், ஸ்விட்ச் இன்னும் இணைந்தே இருக்கிறது. பட்டன் வகையில் இது அடிக்கடி நடக்கும். ‘ஸ்டோர்’ பக்கம் அழுத்தியபோது ‘டக்’ என்ற ஒலி கேட்டதா என்பதைக் கவனிக்காமல் பூட்டிவிட்டுப் போயிருப்பார்கள். மீண்டும் ஒருமுறை அழுத்தி, ஒலியைக் கேட்டு, உள்ளே விளக்கு அணைவதைக் கண்ணால் பாருங்கள்.

### ஸ்விட்சைத் தாண்டிச் செல்லும் ஒயர்கள்

ஸ்விட்ச் சரியாகத் துண்டித்திருந்தால், பேட்டரி முனையை உற்றுப் பாருங்கள். தடித்த கேபிளைத் தவிர, விரல் முனை அளவுள்ள வளையங்களோடு மெல்லிய ஒயர்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அதே போல்ட்டில் மாட்டப்பட்டிருக்கும். பேட்டரி முனையிலேயே மாட்டப்பட்டுள்ள ஒவ்வொரு ஒயரும் ஸ்விட்சின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருக்கிறது. சில வண்டிகளில் இதே ஒயர்கள் ஸ்விட்சின் பேட்டரி பக்கத்து முனையில் மாட்டப்பட்டிருக்கும், விளைவு அதேதான்.

இவற்றில் சில அப்படித்தான் இருந்தாக வேண்டும். டிரெய்லர் கொக்கியிலிருந்து பிரிந்தால் தானாகப் பிரேக் போடும் பிரேக்அவே ஸ்விட்ச் பேட்டரியோடு நேரடியாக இணைந்திருக்க வேண்டும். வழக்கமான நிலையில் அது மின்சாரம் எதுவும் எடுப்பதில்லை. சமையல் வாயுக் கசிவை எச்சரிக்கும் எல்பி கேஸ் டிடெக்டரைப் பல தயாரிப்பாளர்கள் பாதுகாப்பு கருதி ஸ்விட்சுக்கு முன்பாகவே இணைக்கிறார்கள். அது இரவும் பகலும் இடைவிடாமல் மின்சாரம் எடுக்கும். பாட்டுப் பெட்டியின் நினைவக ஒயர், முன் ஜாக்கியின் மோட்டார், சோலார் கன்ட்ரோலர், சில வண்டிகளில் ஸ்லைடு-அவுட் (பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப் பகுதி) மோட்டார் ஆகியவையும் இவ்வாறே வெளியே இருக்கலாம்.

ஒரு கேஸ் டிடெக்டர் 0.08 ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளில் அது ஏறத்தாழ 2 ஆம்பியர்-மணி. டிரெய்லர்களோடு பரவலாக வரும் பேட்டரியின் கொள்ளளவு சுமார் 80 ஆம்பியர்-மணி. மூன்றே வாரத்தில் அது பாதிக்குக் கீழே போய்விடும், ஆறு வாரத்தில் வற்றிவிடும். ஆக, எதுவும் பழுதாகாமலேயே, ஸ்விட்ச் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கும்போதே, பேட்டரி செத்துப்போக முடியும்.

இதைவிடக் கடுமையானது பின்னால் சேர்க்கப்பட்ட இன்வெர்ட்டர். தடித்த கேபிள் தேவை என்பதால் அதை நேராகப் பேட்டரியில் மாட்டுவார்கள். பெரிய இன்வெர்ட்டர்கள் எந்தச் சாதனத்தையும் இயக்காமல் சும்மா விழித்திருக்கும்போதே 1 முதல் 2 ஆம்பியர்வரை எடுக்கும். இரண்டு மூன்று நாளில் பேட்டரி காலி. அதன் சொந்தப் பொத்தானை அணைத்தாக வேண்டும், அல்லது அதன் கேபிளையும் ஸ்விட்சின் வண்டி பக்கத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றுவதென்றால், அந்த மின்னோட்டத்தைத் தாங்கும் ஸ்விட்சா என்பதை ஐந்தாம் அறிகுறியில் பார்த்த பிறகே செய்யுங்கள்.

### இரண்டாவது பேட்டரி சேர்த்த பிறகு தொடங்கியதா?

கத்தி வகை ஸ்விட்ச் ஒரு பேட்டரியின் எதிர்முனையில் மட்டும் உட்கார்ந்திருக்கும். பின்னர் பக்கத்தில் இன்னொரு 12 வோல்ட் பேட்டரியை இணையாகச் சேர்த்து, வண்டிச் சட்டத்துக்குப் போகும் கேபிளை அந்தப் புதிய பேட்டரியின் எதிர்முனையில் மாட்டியிருந்தால், ஸ்விட்சைத் துண்டித்தாலும் மின்சாரம் இரண்டாவது பேட்டரி வழியாகப் போய்க்கொண்டேயிருக்கும். வண்டியிலிருந்து வரும் எல்லா எதிர்முனை ஒயர்களும் ஸ்விட்சின் வெளிப்பக்கத்தில்தான் சேர வேண்டும். பேட்டரிகளை ஒன்றோடொன்று இணைக்கும் துண்டுக் கேபிள் மட்டுமே பேட்டரி பக்கத்தில் இருக்கலாம். பிரேக்அவேயின் எதிர்முனை ஒயர் மட்டும் இதற்கு விலக்கு. அதன் முக்கியத்துவம் கடைசி அறிகுறியில் வருகிறது.

### எந்த ஒயர் என்று அளந்து கண்டுபிடித்தல்

பார்வையில் பிடிபடாவிட்டால் மின்னோட்டத்தை அளக்க வேண்டும். ஸ்விட்சை அணைத்து, எதிர்முனைக் கேபிள்கள் அனைத்தையும் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே பிடியுங்கள். மீட்டரின் சிவப்பு ஒயரை அதற்குரிய தனித் துளையில் செருகியிருக்கிறீர்களா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். இந்த நிலையில் ஜாக்கியையோ ஸ்லைடு-அவுட்டையோ இயக்கினால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். நேர் மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் எதையும் கழற்றத் தேவையில்லை. ஆனால் விலை குறைந்த கிளாம்ப் மீட்டர்கள் இவ்வளவு சிறிய அளவை நம்பகமாகக் காட்டுவதில்லை.

0.02 ஆம்பியருக்குள் இருந்தால் கவலைப்பட எதுவும் இல்லை. அதற்கு மேல் இருந்தால், பேட்டரியின் நேர்முனையில் உள்ள மெல்லிய ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எந்த ஒயரைக் கழற்றியதும் அளவு விழுகிறது என்று பாருங்கள். உள்ளே இருக்கும் ஃபியூஸ் பலகையில் தேடுவது இந்த அறிகுறிக்குப் பயன் தராது. ஸ்விட்ச் துண்டித்திருக்கும்போது அந்தப் பலகைக்கே மின்சாரம் போவதில்லை.

டிடெக்டர்தான் குற்றவாளி என்று தெரிந்தால் அதை வெட்டி எறிந்துவிடாதீர்கள். வண்டியில் ஆள் தங்கும்போதெல்லாம் அது விழித்திருந்தாக வேண்டும். நீண்ட நிறுத்தத்தின்போது மட்டும் எதிர்முனைக் கேபிள்களை முழுவதுமாகக் கழற்றி வைப்பதோ, பேட்டரியை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பராமரிப்புச் சார்ஜரில் போடுவதோதான் நான் யாருக்கும் சொல்லும் வழி. குளிர்ப் பகுதியில் இதுவே பேட்டரியைக் காப்பாற்றும்.

### எந்த ஒயரும் எடுக்கவில்லை, ஆனாலும் இறங்குகிறது

அப்படியானால் பேட்டரியே தேய்ந்திருக்கலாம். முழுச் சார்ஜ் செய்து, எல்லாக் கேபிளையும் கழற்றி, ஒரு நாள் ஓய்வில் விட்டு அளந்து பாருங்கள். ஈய-அமில பேட்டரியில் 12.6 அல்லது 12.7 வோல்ட் இருந்தால் முழுமை, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். முழுச் சார்ஜுக்குப் பிறகும் ஒரே நாளில் 12.3க்குக் கீழே வந்தால் அதன் காலம் முடிந்தது.

இங்கே நிறுத்துங்கள்: பேட்டரியின் பக்கங்கள் புடைத்திருந்தாலோ, குளிரில் உறைந்திருக்கலாம் என்று தோன்றினாலோ, அதைச் சார்ஜரில் போட வேண்டாம். முழுச் சார்ஜில் உள்ள பேட்டரி கடுங்குளிரையும் தாங்கும். வற்றிய பேட்டரியோ மைனஸ் 7 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உறையத் தொடங்கிவிடும். உறைந்ததைச் சார்ஜ் செய்தால் வெடிக்கும் அபாயம் உண்டு. அதை பேட்டரிக் கடையில் ஒப்படைத்துவிடுங்கள்.

## அறிகுறி 2: ஸ்விட்சைப் போட்டும் வண்டிக்குள் மின்சாரமே இல்லை

### கைமுறை ஸ்விட்ச்

இரு முனைச் சோதனை இங்கே மூன்று பாதைகளாகப் பிரியும்.

பேட்டரி பக்கத்து முனையிலேயே மின்னழுத்தம் இல்லை. கோளாறு ஸ்விட்சுக்கு முன்னால் இருக்கிறது. பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கழற்றி, கம்பித் தூரிகையால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து மாட்டுங்கள். பேட்டரிக்கு அருகில் பெரிய ஃபியூஸ் இருந்தால் அதன் இருபுறமும் அளந்து பாருங்கள். லித்தியம் பேட்டரியாக இருந்து, முனைகளில் ஏறக்குறைய பூஜ்யம் காட்டினால், அது செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். மின்னழுத்தம் அதிகம் இறங்கியதால் அதன் உள்ளிருக்கும் மேலாண்மைச் சுற்று தன்னைத் தானே அணைத்திருக்கலாம். லித்தியத்துக்கு ஏற்ற சார்ஜரை நேராக இணைத்தால் பெரும்பாலும் விழித்துக்கொள்ளும். பேட்டரி 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்திருந்தால் முதலில் அதை வெதுவெதுப்பான இடத்துக்குக் கொண்டு வாருங்கள்.

பேட்டரி பக்கத்தில் 12 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது, வண்டி பக்கத்தில் இல்லை. ஸ்விட்சை நாலைந்து முறை திருப்பிப் போட்டு மீண்டும் அளந்து பாருங்கள். நீண்ட காலம் அசையாமல் கிடந்த ஸ்விட்சின் உட்தகடுகளில் படிந்த அழுக்கு இதிலேயே விலகிவிடக்கூடும். அப்போதும் வராவிட்டால் ஸ்விட்ச் உள்ளே போய்விட்டது. பயணத்தின் நடுவே இருந்தால், எதிர்முனையைக் கழற்றிய பிறகு, ஸ்விட்சின் இரண்டு கேபிள்களையும் ஒரே போல்ட்டில் சேர்த்து மாட்டி ஊர் போய்ச் சேரலாம். வழியில் உள்ள ஃபியூஸையோ பிரேக்கரையோ மட்டும் தவிர்த்து இணைக்காதீர்கள்.

இரண்டு முனையிலும் 12 வோல்ட் இருக்கிறது, உள்ளே மட்டும் இல்லை. டிரெய்லரின் முன்பக்க ஏ வடிவச் சட்டத்தில், பேட்டரிப் பெட்டிக்குப் பின்னால் தீப்பெட்டியை விடச் சிறிய ஒரு உலோகப் பெட்டி இரண்டு போல்ட்டுகளோடு இருக்கும். அது தானாக மீளும் சர்க்யூட் பிரேக்கர். செம்பு நிறப் போல்ட் பேட்டரிக்கும் வெள்ளி நிறப் போல்ட் வண்டிக்கும் உரியவை. சாலை உப்பும் மழையும் நேராகப் படும் இடம் என்பதால் அதன் போல்ட்டுகள் அரித்துப்போய், வெளியில் பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே தொடர்பற்று நிற்கும். ஒரு போல்ட்டில் 12 வோல்ட்டும் மறுபோல்ட்டில் பூஜ்யமும் வந்தால் அதே ஆம்பியர் அளவுள்ள புதியதை மாட்டுங்கள். சில டாலர்களில் முடியும் வேலை. ஸ்விட்ச் கெட்டுவிட்டது என்று என்னிடம் வந்த டிரெய்லர்களில் இந்தச் சின்னப் பெட்டிதான் பலமுறை காரணமாக இருந்திருக்கிறது. இதுவும் சரியாக இருந்தால், எதிர்முனைக் கேபிள் சட்டத்தில் திருகப்பட்டிருக்கும் இடத்தைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போகத் தேய்த்து இறுக்குங்கள்.

### பட்டன் வகை: அழுத்தினால் ஒலி கேட்கவில்லை

பேட்டரியில் உள்ள மின்னழுத்தத்தை முதலில் பாருங்கள். ரிலேயின் சுருளை அசைக்கவும் கொஞ்சம் மின்சாரம் வேண்டும்; பேட்டரி 10 வோல்ட்டுக்குக் கீழே கிடந்தால் பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் பலன் இருக்காது. இதில் ஒரு சிக்கலான முடிச்சு உண்டு. வெளி மின்சாரத்தை மாட்டினால், அதை 12 வோல்ட்டாக மாற்றும் கன்வெர்ட்டர் ஓடும், விளக்கெல்லாம் எரியும். ஆனால் ரிலே துண்டித்த நிலையில் இருப்பதால் சார்ஜ் பேட்டரிக்குப் போகாது, பேட்டரி ஏறாததால் ரிலேயும் இணையாது. தனிச் சார்ஜர் ஒன்றை நேராகப் பேட்டரி முனைகளில் மாட்டி, அரை மணி நேரம் கழித்துப் பட்டனை அழுத்துங்கள்.

பேட்டரி நன்றாக இருந்தால், ரிலேக்குப் போகும் மெல்லிய கட்டுப்பாட்டு ஒயரில் உள்ள சிறிய ஃபியூஸைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ரிலேக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதன்பின், ஒருவர் பட்டனை அழுத்த, இன்னொருவர் ரிலேயின் மெல்லிய ஒயர்களில் அளந்து பாருங்கள். அழுத்தும் கணத்தில் அங்கே 12 வோல்ட் வந்தும் ரிலே அசையாவிட்டால் ரிலே பழுது. வராவிட்டால் பட்டனோ இடையிலுள்ள ஒயரோ பழுது. பட்டனைப் பிடித்து அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். அந்தச் சுருள் கணநேரத் துடிப்புக்காகச் செய்யப்பட்டது. தொடர்ந்து அழுத்தினால் எரிந்துவிடும்.

### பட்டன் வகை: ஒலி கேட்கிறது, மின்சாரம் வரவில்லை

ரிலேயின் தடித்த முனைகளில் இரு முனைச் சோதனை செய்யுங்கள். ஒலி வந்தும் இரண்டு முனைகளுக்கும் இடையே 12 வோல்ட் நின்றால் உள்ளிருக்கும் தொடர்புத் தகடுகள் கருகிவிட்டன. ரிலேயை மாற்ற வேண்டும். மாற்றும்போது லேச்சிங் வகையையே வாங்குங்கள். தொடர்ச்சியாக இயங்கும் சாதாரண சோலனாய்டை (சுருளால் இயங்கும் மின் ஸ்விட்ச்) வைத்தால், இணைந்திருக்கும் நேரம் முழுவதும் அதன் சுருளே ஓர் ஆம்பியரை ஒட்டி எடுத்துக்கொண்டிருக்கும். ஸ்டார்ட்டர் சோலனாய்டை வைத்தாலோ அது சூடேறி எரிந்துவிடும். இரண்டும் கடையில் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் பெட்டியின் மேலுள்ள விவரத்தைப் படிக்காமல் வாங்க வேண்டாம்.

எப்போது ஆளை அழைப்பது: சொந்த எஞ்சின் உள்ள ஆர்வியான மோட்டார்ஹோமில் ரிலே ஒரு பெரிய கட்டுப்பாட்டுப் பலகையின் உள்ளே அச்சிடப்பட்ட சுற்றோடு சேர்ந்திருந்தால், ஆர்வி தொழில்நுட்பரிடம் விடுங்கள். வாகன எஞ்சினின் பேட்டரியும் வீட்டுப் பகுதியின் பேட்டரியும் சேருமிடம் அதுதான். அங்கே ஒயர் மாறினால் சேதம் பெரிது.

## அறிகுறி 3: வெளி மின்சாரத்தில் எல்லாம் ஓடுகிறது, பேட்டரி மட்டும் சார்ஜ் ஆவதில்லை

ஸ்விட்ச் ‘ஸ்டோர்’ நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான டிரெய்லர்களில் கன்வெர்ட்டரின் சார்ஜ் இந்த ஸ்விட்சின் வழியாகவே பேட்டரிக்குப் போகிறது. குளிர்காலம் முழுவதும் வெளி மின்சாரத்தில் மாட்டி வைத்துவிட்டு, கூடவே ஸ்விட்சையும் அணைத்து வைத்தால் பேட்டரிக்கு ஒரு துளி சார்ஜும் போயிருக்காது.

ஸ்விட்ச் போட்டிருந்தால், வெளி மின்சாரம் இருக்கும்போது பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். 13.2 முதல் 14.4 வோல்ட்டுக்குள் இருந்தால் சார்ஜ் ஆகிறது. 12.6க்குக் கீழேயே நின்றால், கன்வெர்ட்டரின் ஃபியூஸ் பலகையைத் திறங்கள். மற்ற ஃபியூஸ்களிலிருந்து தள்ளி, 30 அல்லது 40 ஆம்பியர் அளவில் ஒன்றோ இரண்டோ தனியாக இருக்கும். பேட்டரியை முனை மாற்றி ஒரு கணம் தொட்டாலே அவை எரிந்துவிடும், கன்வெர்ட்டரைக் காப்பதற்காகவே அப்படி வைக்கப்பட்டிருக்கின்றன. இவை எரிந்தால் வெளி மின்சாரத்தில் எல்லாம் ஓடும், பிடுங்கியதும் எல்லாம் அணையும், அதனால் ஸ்விட்ச் கெட்டதுபோலவே தோன்றும். பேட்டரி மாற்றிய கையோடு இந்த அறிகுறி தொடங்கியிருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

ஃபியூஸ்கள் நன்றாக இருந்தால், இரண்டாம் அறிகுறியில் சொன்ன பிரேக்கரைப் பாருங்கள். அதுவும் சரியென்றால், கன்வெர்ட்டரின் வெளியீட்டு முனையிலேயே 13 வோல்ட்டுக்கு மேல் வருகிறதா என்று அளக்க வேண்டும். வராவிட்டால் கன்வெர்ட்டர் பழுது. அதன் உள்ளே 120 வோல்ட் இருப்பதால் மாற்றும் வேலையைத் தொழில்நுட்பரிடம் ஒப்படையுங்கள்.

## அறிகுறி 4: ஸ்விட்சை அணைத்த பிறகும் விளக்கு எரிகிறது

வெளி மின்சாரமோ ஜெனரேட்டரோ இணைந்திருந்தால் இது கோளாறே இல்லை. கன்வெர்ட்டர் நேராக வண்டிக்கு மின்சாரம் தருகிறது. இழுவை வாகனத்தோடு ஏழு முனை பிளக் மாட்டப்பட்டிருந்தால் அதன் சார்ஜ் ஒயர் வழியாகவும் வரலாம். மூன்றையும் விலக்கிவிட்டுப் பாருங்கள்.

பகலில் எரிந்து இரவில் அணைந்தால் சோலார் கன்ட்ரோலர் ஸ்விட்சின் வண்டி பக்கத்தில் இணைக்கப்பட்டிருக்கிறது. இதை அப்படியே விடக் கூடாது. பேட்டரி இல்லாத நிலையில் மின்னழுத்தத்தை நிலையாக வைத்திருக்கப் பல கன்ட்ரோலர்களால் முடியாது. விளக்குகளும் மின்னணுப் பலகைகளும் பாதிக்கப்படலாம். கன்ட்ரோலரின் வெளியீட்டை உரிய ஃபியூஸோடு பேட்டரி பக்கத்துக்கு மாற்றினால், நிறுத்தி வைத்திருக்கும்போதும் பேட்டரி சார்ஜ் ஆகும் என்ற கூடுதல் நன்மையும் கிடைக்கும்.

எல்லா மூலங்களையும் விலக்கிய பிறகும் எரிந்து, இரு முனைச் சோதனையும் பூஜ்யம் காட்டினால், ரிலேயின் தகடுகள் ஒட்டிக்கொண்டுவிட்டன என்று பொருள். ரிலேயை மாற்றத்தான் வேண்டும். மோட்டார்ஹோமில் எஞ்சின் ஓடும்போது எந்த டிஸ்கனெக்ட் ஸ்விட்சையும் அணைத்துச் சோதிக்காதீர்கள். ஆல்டர்னேட்டரின் பாரம் திடீரென விலகும்போது எழும் மின்னழுத்தம் அதையும் பிற மின்னணுக் கருவிகளையும் கெடுக்கக்கூடும்.

## அறிகுறி 5: ஸ்விட்ச் சுடுகிறது, அல்லது பெரிய மோட்டார் ஓடும்போது விளக்குகள் மங்குகின்றன

ஸ்லைடு-அவுட்டை ஒருவர் இயக்க, இன்னொருவர் ஸ்விட்சின் இரண்டு முனைகளுக்கும் இடையே அளந்து பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் ஸ்விட்ச் நலம். 0.3 வோல்ட் விழுந்தால், 30 ஆம்பியர் ஓடும்போது 9 வாட் வெப்பம் அந்தச் சிறிய இடத்தில் உருவாகிறது. பிளாஸ்டிக் உருகத் தொடங்குவது இப்படித்தான்.

முதல் காரணம் தளர்ந்த நட்டு. எதிர்முனையைக் கழற்றிவிட்டு நட்டைக் கழற்றினால், கேபிள் வளையத்துக்கும் போல்ட்டின் அடித்தளத்துக்கும் நடுவே வாஷர் மாட்டியிருப்பதைப் பல வண்டிகளில் காணலாம். செம்பு வளையம் அடித்தளத்தின் மீது நேராக அமர வேண்டும். வாஷர் அதற்கு மேலே, நட்டுக்குக் கீழேதான். தேய்த்து, சரியான வரிசையில் மாட்டி, இறுக்கி, மீண்டும் அளந்து பாருங்கள். இறுக்கும்போது போல்ட்டே சுழன்றால் ஸ்விட்ச் உள்ளே தளர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

அடுத்தது திறன் போதாமை. 2000 வாட் இன்வெர்ட்டர் முழுப் பாரத்தில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 100 ஆம்பியர் ஸ்விட்ச் அதைத் தாங்காது. பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது சில விநாடிகளுக்கான உச்ச அளவாக இருக்கலாம். தொடர் மின்னோட்ட அளவு எங்கே இருக்கிறதோ அதைத் தேடிப் படியுங்கள். படகுகளுக்கான கைமுறை ஸ்விட்சுகளில் 300 ஆம்பியர் தொடர்ச்சியாகத் தாங்குபவை கிடைக்கின்றன, ஆர்விக்கும் அவை பொருந்தும். விலை சற்றுக் கூடுதலென்றாலும் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

இங்கே நிறுத்துங்கள்: ஸ்விட்சின் உடல் உருகியிருந்தாலோ, கேபிளின் மேலுறை வளையத்துக்குப் பின்னால் கறுத்து விறைத்திருந்தாலோ, ஸ்விட்சை மட்டும் மாற்றிப் பயணத்தைத் தொடராதீர்கள். கேபிளின் தடிமனும் ஃபியூஸின் அளவும் பாரத்துக்குப் பொருந்துகின்றனவா என்று தொழில்நுட்பர் பார்த்தாக வேண்டும்.

## அறிகுறி 6: ஸ்விட்ச் அணைந்திருக்கும்போது பிரேக்அவே வேலை செய்யவில்லை

இது தானாக வெளியே தெரியும் அறிகுறி அல்ல. நீங்களாகச் சோதித்தால்தான் தெரியும். அதனாலேயே மற்ற எல்லாவற்றையும்விட ஆபத்தானது. சொந்தமாக டிஸ்கனெக்ட் ஸ்விட்ச் பொருத்திய ஒவ்வொருவரும் இதைச் செய்தாக வேண்டும்.

டிரெய்லர் கொக்கியிலிருந்து பிரிந்து ஓடினால் அதன் பிரேக்கைத் தானே போடுவதற்கு இருக்கும் ஒரே மின்சாரம் அதன் சொந்த பேட்டரிதான். இரட்டை அச்சு டிரெய்லரில் நான்கு பிரேக் காந்தங்கள் சேர்ந்து சுமார் 12 ஆம்பியர் எடுக்கும். வணிகப் போக்குவரத்து டிரெய்லர்கள் பிரிந்தால் குறைந்தது 15 நிமிடம் பிரேக் பிடித்து நிற்க வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி விதி சொல்கிறது. ஸ்விட்சை அணைத்தபடியே இழுத்துச் செல்பவர்கள் உண்டு. பிரேக்அவே ஒயர் ஸ்விட்சின் வண்டி பக்கத்தில் இருந்தால் அந்தப் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை.

சமதளத்தில் நிறுத்தி, ஏழு முனை பிளக்கைப் பிடுங்கி, டிஸ்கனெக்ட் ஸ்விட்சை அணைத்து, பிரேக்அவே ஊசியை இழுங்கள். இழுவை வாகனத்தை நடை வேகத்தில் சில அடி முன்னே நகர்த்தினால் டிரெய்லரின் சக்கரங்கள் பிடித்து இழுபட வேண்டும். உடனே ஊசியைத் திரும்பச் செருகுங்கள்; நீண்ட நேரம் வெளியே விட்டால் காந்தங்கள் சூடேறும், பேட்டரியும் வற்றும்.

சக்கரங்கள் தாராளமாக உருண்டால், ஸ்விட்சைப் போட்டுவிட்டு இதே சோதனையை மீண்டும் செய்யுங்கள். இப்போது பிடித்தால் பிரேக்அவே ஒயர் தவறான பக்கத்தில் இருக்கிறது. அதைப் பேட்டரி முனைக்கே கொண்டு போக வேண்டும். ஸ்விட்ச் எதிர்முனையில் இருக்கும் வண்டிகளில் வேலை சற்றுக் கூடுதல்: காந்தங்கள் சட்டத்தின் வழியாகவே சுற்றை முடிப்பதால், ஸ்விட்சைத் துண்டித்ததும் பிரேக்குக்கான திரும்பும் பாதையும் போய்விடும். அத்தகைய வண்டியில் பிரேக் காந்தங்களின் எதிர்முனைக்குத் தனி ஒயர் இழுப்பதைவிட, ஸ்விட்சை நேர்முனைக்கு மாற்றிப் பொருத்துவதே எளிதும் நல்லதும். அதைச் செய்யும்வரை ஸ்விட்ச் இணைந்த நிலையில் மட்டுமே இழுத்துச் செல்லுங்கள்.

இரண்டு நிலையிலும் பிடிக்காவிட்டால், ஊசிப் பெட்டியின் உள்ளே துருவோ, அச்சுக் குழாய்க்குள் அறுந்த பிரேக் ஒயரோ, தேய்ந்த காந்தமோ இருக்கலாம். அது பிரேக் வேலை. டிரெய்லரை நெடுஞ்சாலைக்கு எடுக்காமல், பிரேக் பார்க்கத் தெரிந்த தொழில்நுட்பரை அது நிற்கும் இடத்துக்கே வரவழையுங்கள்.